பாடக் குறிப்பில் இடம்பெறாத பிள்ளைகள்

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளை வகுப்பில் சேர்த்துக்கொண்டோம். எமிஸ் எனும் கல்வித் தகவல் தளத்தில் பதிவு செய்தோம், உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோம், வாசலில் சாய்தளம் கேட்டு வாங்கினோம். பாடம் நடத்தும் முறையை மட்டும் மாற்றவில்லை. அரசுப் பள்ளி ஆசிரியர்களாகிய நாம் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டே ஆகவேண்டும்.

நீர்ச்சுழற்சி நடத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கரும்பலகையில் படம் வரைந்தபடியே, முதுகைக் காட்டிக்கொண்டு விளக்குகிறோம். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு அத்தோடு பாடம் முடிந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பலகை பளபளக்கிறது. பார்வை குறைந்த பையன் பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கிறான். "என்னடா, பார்த்து எழுதுற?" என்று அதட்டுகிறோம். கொடியில் காயும் துணியை வைத்து ஆவியாதலை அழகாகச் சொல்லத் தெரிந்த சிறுமிக்கு எழுத்து வரவில்லை. எழுதினால்தான் மதிப்பெண் என்பதால் அவள் பெயர் 'மெல்லக் கற்போர்' பட்டியலுக்குப் போகிறது.

இந்த மூவரையும் பாடம் தொடங்கும் முன்பே மனத்தில் வைத்துத் திட்டமிடுவதுதான் 'அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு'. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1984-இல் தொடங்கப்பட்ட காஸ்ட் என்ற அமைப்பு வளர்த்தெடுத்த அணுகுமுறை இது. ஆர்வம் பிறக்கப் பல வழிகள், கருத்தைக் காட்டப் பல வழிகள், கற்றதை வெளிப்படுத்தப் பல வழிகள்: இவ்வளவுதான் அதன் சாரம். நம் நாட்டின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாடுகளின் பட்டியலை 7-இலிருந்து 21 ஆக்கியது. கற்றல் குறைபாடும் அதில் சேர்ந்தது. உள்ளடக்கிய கல்வி சட்டக் கடமையானது. பயிற்சிகளுக்குப் போய்க் கையெழுத்திட்டோம். மறுநாள் பழைய பாடக் குறிப்பையே எடுத்தோம்.

இதை மாற்றும் வாய்ப்பு நம் வகுப்பறைக்குள்ளேயே வந்தது. செயல்வழிக் கற்றல் முறை தமிழ்நாடு முழுக்கப் பரவியபோது, சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளின் உயரத்துக்கே கரும்பலகைகள் வந்தன. கற்றல் அட்டைகளும், அவற்றை வரிசைப்படுத்தும் ஏணிப்படியும் வந்தன. அவரவர் வேகத்தில் கற்க அவை இடம் தந்தன. எத்தனை அட்டை முடிந்தது என்ற கணக்கில் நாம் அந்த வாய்ப்பைத் தொலைத்தோம். பல பள்ளிகளில் அந்தப் பலகைகளின் முன்னால் பீரோ நிற்கிறது. தொடக்க வகுப்புகளுக்காக 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகள் பயிற்சியைப் பிரித்துக் கொடுப்பதற்காக வந்தவை. "அவன் அரும்புதான் சார்" என்று பிள்ளையின் நெற்றியில் ஒட்டியவர்கள் நாம்.

வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வந்தால், "உங்க பையன் வந்திருக்கான், மிஸ்" என்று ஒப்படைத்துவிட்டு நகர்ந்தோம். அவன் நம் பையன் இல்லையா? பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும்போதுதான் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் நம் நினைவுக்கு வருகின்றன. அதுவரையிலான வகுப்புத் தேர்வுகளில் அதே பிள்ளை வாய்விட்டுப் பதில் சொல்ல நாம் வாய்ப்புத் தரவில்லை.

ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகள், ஓயாத பதிவேற்ற வேலை: நம் நெருக்கடி உண்மையானது. கூடுதல் ஆசிரியர்களையும் நிரந்தரச் சிறப்புப் பயிற்றுநர்களையும் அரசிடம் உரக்கக் கேட்போம். ஆனால் பிள்ளைகளின் முகம் பார்த்துப் பேச அரசாணை வேண்டாம். பலகையில் எழுதியதை வாய்விட்டுப் படிக்கவும், தொட்டுப் பார்க்க ஒரு பொருளைக் கொண்டுவரவும் நிதி ஒதுக்கீடு வேண்டாம்.

அடுத்த வாரப் பாடக் குறிப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே இரண்டு வரி சேர்ப்போம்: இப்படி நடத்தினால் யார் விடுபடுவார், அவருக்கு வேறு எந்த வழி. சொல்லிக் காட்டும், செய்து காட்டும் பதிலுக்கும் வகுப்புத் தேர்வில் மதிப்பெண் கொடுப்போம். இவற்றைச் செய்தோமா என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் நம்மைக் கேட்கட்டும். பதில் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.