கை போகும் வழியைப் பாருங்கள்!

கார்த்திகைக்குப் பனம்பூக் கரியைத் துணியில் முடிந்து, பனைமட்டையில் வைத்துக் கட்டி, பிள்ளைகள் மாவலி சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். எரிவது கையளவு கரிதான். கண்ணுக்குத் தெரிவதோ பெரிய நெருப்பு வளையம்! பொறி நகர்ந்த பிறகும் அதன் சாயல் ஒரு கணம் கண்ணில் தங்குகிறது. அப்படித் தங்குவதைப் படத்திலேயே பிடித்து வைக்கும் கலைக்கு ‘லைட் பெயின்டிங்’ என்று பெயர். ஒளிக்கோலம் என்போமே!

இருட்டில் காமிராவை அசையாமல் வைத்து, அதன் கண்ணை 10, 20 விநாடி திறந்து விட வேண்டும். அப்போது சின்ன விளக்கு ஒன்றை அசைத்தால், அது போன பாதை முழுவதும் கோடாக விழும். 1949-ல் ஓவியர் பிக்காசோ கையில் டார்ச் விளக்குடன் காற்றிலேயே படம் வரைய, ஜோன் மிலி என்பவர் அதைப் புகைப்படம் எடுத்தார்.

அதற்கும் வெகு முன்பே, 1914-ஐ ஒட்டி, அமெரிக்காவில் பிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் என்ற தம்பதி, தொழிலாளரின் விரலில் குட்டி பல்பைக் கட்டிப் படம் எடுத்தார்கள். கை எங்கே வீணாக அலைகிறது என்பதைக் கோடு காட்டிக் கொடுத்துவிடும். லில்லியன் 12 பிள்ளைகளைப் பெற்றவர். 1924-ல் கணவர் இறந்த பின், அந்த ஆராய்ச்சிக் கண்ணை அடுப்படிப் பக்கம் திருப்பினார். காலால் மிதித்தால் திறக்கும் குப்பைக்கூடை அவர் யோசனை என்பார்கள்.

அடுப்படி என்றதும் எனக்கும் ஆசை வந்தது. எங்கள் வீரசோழன் பக்கம் தண்ணீருக்குக் கஷ்டம். குடத்தில் பிடித்துத் தரையில் வைத்துச் செம்பால் மொண்டுதான் புழங்குவோம். என் மகன் என் மணிக்கட்டில் சாவிக்கொத்து டார்ச்சைக் கட்டி, செல்போனை அரிசிப்படி மேல் சாய்த்து வைத்தான். அடுப்பைப் பற்ற வைக்காமல், சமைப்பது போலப் பாவனை செய்தேன். 30 விநாடிதான்.

படத்தைப் பார்த்து அசந்து போனேன். அடுப்பிலிருந்து தரைக்கும், தரையிலிருந்து அடுப்புக்குமாக, கிணற்று வாளி இறங்கி ஏறுகிற மாதிரி ஐந்து கோடுகள்! நாள் முழுக்க எத்தனை இருக்கும்? “இடுப்பு வலிக்குது” என்றால், “வீட்டிலேதானே இருக்கே, என்ன வேலை?” என்கிறவர்களுக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? என் வீட்டுக்காரர் பேசாமல் எழுந்து போனார். மறுநாள் நான்கு செங்கல்லும் பலகையும் போட்டுக் குடத்தை இடுப்பு உயரத்தில் வைத்துக் கொடுத்தார்.

நீங்களும் செய்து பாருங்கள், சகோதரிகளே. செல்போன் காமிராவில் ‘புரோ’ என்ற பகுதி இருந்தால் அதில் நேரத்தைக் கூட்டலாம். இருட்டில் அரிவாள்மணை, கத்தி, கொதிக்கிற எண்ணெய் பக்கம் போகாதீர்கள். படம் வந்ததும், கோடு எங்கே தாழ்கிறதோ அங்கே உள்ள சாமானை மேலே ஏற்றுங்கள். எங்கே மிக நீளுகிறதோ அதைக் கிட்டே கொண்டு வாருங்கள். வீட்டில் உள்ளவர்களிடமும் மறக்காமல் காட்டுங்கள்!