புதையற்கோலும் சோதனையறிவும்

திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியிலே குறி சொல்ல வரும் குறத்தி மாத்திரைக்கோல் ஏந்தி வருகின்றாள். அது கவியின் கோல். அதனால் இன்புறுவோர் உண்டு, இழப்போர் இலர். ஆனால் நீரோட்டம் காட்டும் என்று நம் தென்காசிச் சீமையார் நம்பும் வேறொரு கோலும் உண்டு. அதே கோல் புதையலும் காட்டும் என்பாரும் உளர். அதைப்பற்றி நம் கருத்தை ஈண்டுக் கூறத் துணிந்தோம்.

அக்கோலைச் செய்வது அரிதன்று. கவையுள்ள பச்சை வேப்பங்குச்சி ஒன்று போதும். அதன் இரு கிளைகளையும் உள்ளங்கை மேல்நோக்கப் பற்றி, சற்றே வெளிப்புறமாய் வளைத்துப் பிடித்து நடப்பர். வேறு சிலர் ஒரு முழக் கம்பி இரண்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பிடியளவை 'ட' வடிவாய் மடக்கி, கைக்கு ஒன்றாய்த் தளரப் பிடிப்பர். குச்சி தாழும் இடத்திலும் கம்பிகள் குறுக்கிடும் இடத்திலும் பொருள் உண்டென்பது அவர் கொள்கை.

குச்சி அசைவது மெய்யே. பிடித்தவர் எல்லாரும் வஞ்சகரும் அல்லர். வளைத்த குச்சி வில்லைப்போல் முறுக்கேறி நிற்றலின், மணிக்கட்டு அணுவளவு திரும்பினும் அதன் நுனி பெரிதும் சாய்ந்துவிடும். அவ்வசைவைத் தருவது மண்ணிற் கிடக்கும் பொன்னன்று; பிடித்தவர் மனத்திலுள்ள எதிர்பார்ப்பே. எண்ணமானது நாம் அறியாமலே தசையை இயக்கும் என்பதை 1852-இல் வில்லியம் கார்ப்பெண்டர் என்னும் ஆங்கில அறிஞர் விளக்கினார். அதற்கும் முன்னரே, 1556-இல் வெளிவந்த தம் சுரங்க நூலில், ஜெர்மானியராகிய அக்ரிகோலா இக்கவைக்குச்சி முறையை விவரித்து, அறிவுடையோன் நிலத்தின் இயற்கைக் குறிகளையே நோக்குவான் என்று கூறிப்போந்தார்.

"கோல் காட்டிய இடத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டோமே!" என்பர் சிலர். நம் பக்கத்து நிலத்தின் அடி பெரும்பாலும் கடும்பாறை. அப்பாறையின் சிதைந்த மேலடுக்கிலும் அடியிலுள்ள வெடிப்புகளிலும் மழைநீர் தங்குகின்றது. ஆதலின் மலையடிவாரத்தில் ஆழத் தோண்டினால் பல இடங்களிலும் சிறிதேனும் நீர் கசியும். அந்நீர் கோலின் பெருமையாகப் பேசப்படும். வறண்ட குழிகளோ மறக்கப்படும். பொன் அவ்வாறு எங்கும் ஊறுவதன்று. கிணற்றிலே பெற்ற பெயரை ஈடுகாட்டியே கோல் புதையலுக்கும் நம்பிக்கை பெறுகின்றது.

இதனால் விளையும் கேடு பணத்தோடு நிற்பதன்று. தென்காசி மாவட்டத்துத் திருமலாபுரத்தில் மாநிலத் தொல்லியல் துறையினர் 2024-இல் அகழ்ந்து, இரும்புக்கால ஈமத்தாழிகளை வெளிக்கொணர்ந்தனர். அத்தகைய தாழியைப் பொன்னாசையால் உடைப்பவன் கையில் ஓட்டுத்துண்டுகளே மிஞ்சும். நாட்டுக்கோ மீண்டும் எழுதவொண்ணாத ஏடு ஒன்று அழியும். புதையலே கிடைப்பினும், பத்து ரூபாய்க்கு மேற்பட்டதாயின் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம்.

கல்லாத ஏழையே இதற்கு மயங்குவான் என்று எண்ணற்க. கைப்பிடியில் கம்பியொன்று சுழலும் இதே விளையாட்டுப் பொருளை, வெடிகுண்டு காட்டும் கருவியென்று ஈராக் அரசுக்கே விற்றான் ஓர் ஆங்கிலேயன். காவற்சாவடிகளில் அதை நம்பி வண்டிகளைச் சோதித்தனர். அவனுக்கு 2013-இல் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. தவறான கோல் காட்டிய வழியிற் போன உயிர்களை எத்தண்டனை மீட்கும்?

ஆயினும் கோலை எறிந்துவிடுக என்று நாம் கூறோம். மாணவ நண்பர்காள்! வீட்டிலேயே ஒன்று செய்து சோதியுங்கள். பத்து மண்கலயங்களைக் கவிழ்த்து, ஒன்றன்கீழ் நாணயம் ஒன்றை வையுங்கள். வைத்தவர் அவ்விடம் விட்டகல, அறியாத ஒருவரே கோலுடன் வரவேண்டும். வைத்தவர் முகக்குறியும் விடையைக் காட்டிவிடும் அன்றோ? இவ்வாறு இருபது முறை செய்தால், குருட்டடியாகவே ஏறத்தாழ இரண்டு முறை சரியாகும். அதனினும் மிகப் பலமுறை கோல் வெல்லுமாயின் அதன் புகழை நாமே பறைசாற்றுவோம்.

ஒரு தாலந்தை மண்ணிற் புதைத்தவனை அவன் எஜமான் கடிந்ததாகத் திருமறை கூறும். கையிலுள்ள பொருளைப் புதைத்தவனுக்கே அக்கதியெனின், இல்லாத பொருளைத் தேடி உழைப்பைப் புதைப்பவன் நிலை என்னை? கோலை நம்பிக் கடன் வாங்கப் போகும் அயலானை நகைத்தல் தகாது. அவனை அழைத்து வந்து, அவன் கையிலேயே கோலைக் கொடுத்து, பத்துக் கலயங்களின் முன் நிறுத்துவோமாக. கல்லூரியிற் கற்ற கல்வி நம் ஊருக்குப் பயன்படும் வழிகளுள் இஃதொன்றென்பது நம் துணிபு.