கோடு பிலிமிலா, கருவியிலா?

பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்யும் வேலை நம்மவரில் பலருக்கு நித்திய காரியமாகிவிட்ட இக்காலத்தில், திரையில் ஒரு கோடோ புள்ளியோ தென்பட்ட மாத்திரத்தில், அது எங்கிருந்து வந்தது என்று விசாரியாமலே மென்பொருளைக் கொண்டு அழித்துவிடும் வழக்கம் பரவி வருவது மிகுந்த விசனம் அளிக்கிறது. காரணம் இருந்த இடத்திலேயே இருப்பதால் அடுத்த நெகட்டிவிலும் அதே குறை தோன்றும் என்பது ஒருபுறமிருக்க, அழித்த இடத்தில் படத்தின் உண்மை விவரமும் கூடவே போய்விடுகிறது.

பிலிமின் நீளவாக்கில் ஓடும் நேர்கோடே நம்மை அதிகம் ஏமாற்றுவது. சுருளின் வாயிலுள்ள வெல்வெட்டில் சிக்கிய மணல்துகளோ, ஈரப் பிலிமை வழித்த ரப்பரோ அத்தகைய கீறலை உண்டாக்கியிருக்கலாம். அன்றியும், தட்டை ஸ்கேனரின் சென்சார் வரிவரியாகப் படித்துக்கொண்டே நகர்வதால், அதன்மேல் அமர்ந்த ஒரு தூசியோ, விளக்கின் ஒளியை அளந்துகொள்வதற்காகப் பிலிம் ஹோல்டரின் தலைப்பில் விட்டிருக்கும் திறப்பில் கிடக்கும் ஒரு நூலிழையோ, படம் முழுவதும் அதே போன்ற கோட்டை இழுத்துவிடும். இரண்டையும் பிரித்தறிய, நெகட்டிவை முன்பின்னாகத் திருப்பி மறுபடி ஸ்கேன் செய்தால் போதும். படத்திலுள்ளவரின் அதே தோளின்மேல் கோடு விழுந்தால் தோஷம் பிலிமினுடையது. படம் திரும்பியும் கோடு தன் ஸ்தானத்தை விடவில்லையென்றால் கருவியினுடையது. நட்டநடுவே ஓடும் கோடு மட்டும் இப்பரீட்சைக்குத் தப்பும். அப்போது பிலிமைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்திப் பார்க்க வேண்டும்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் கறையின் நிறமே பாதி விடை சொல்லிவிடும். பாசிட்டிவில் வெள்ளையாகத் தெரிவது ஒளியை மறித்த தூசி, அல்லது ஒளியைச் சிதறடிக்கும் பின்பக்கக் கீறல். கறுப்பாகத் தெரிவது எமல்ஷனே பெயர்ந்துபோன இடமாதலால், அதை எவ்வளவு துடைத்தும் பிரயோஜனமில்லை. நீரலை போன்ற வளையங்களோ பிலிமின் பளபளப்பான பக்கம் கண்ணாடியை ஒட்டுவதால் தோன்றும் நியூட்டன் வளையங்கள். மங்கலான எமல்ஷன் பக்கத்தைக் கண்ணாடிமேல் வைத்து, பின்னர் படத்தை இடவலம் மாற்றிக்கொண்டால் பெரும்பாலும் அவை மறைந்துவிடும்.

அகச்சிவப்பு ஒளியால் தூசியை இனங்கண்டு நீக்கும் வசதியை வெள்ளி நெகட்டிவ்களுக்குப் பிரயோகிப்பது நம்மிடையே இன்னும் காணப்படும் பெரும் பிழை. வர்ணப் பிலிமின் சாயங்கள் அவ்வொளிக்கு வழிவிடும். வெள்ளியோ அதை மறிக்கும். ஆகவே படத்தின் அடர்ந்த பாகங்களையே தூசியென்று எண்ணிக் கருவி சிதைத்துவிடுகிறது.

பூஞ்சை படர்ந்த நெகட்டிவ் வந்தால் நீரில் நனைக்காதீர்கள். பூஞ்சை அரித்த ஜெலட்டின் நீரில் கரைந்துபோகக்கூடும். ஊதுபந்தும் மென்மையான தூரிகையும் செய்ய முடிந்ததோடு நிறுத்தி, இருக்கிறபடியே ஸ்கேன் செய்யுங்கள். எந்த நெகட்டிவாயினும் ஸ்கேனர் தந்த முதற்பிரதியைத் தொடாமல் பத்திரப்படுத்தி, திருத்தங்களை நகலில் மட்டுமே செய்யுமாறு நம் தொழில் நண்பர்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.