பிழைகளையும் எழுதி வைப்போம்

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பர் பெரியோர். வரவு செலவுக்குச் சொன்ன இம்மொழி, கணிப்பொறிக்கு நிரல் எழுதப் பழகும் எங்களைப் போன்ற மாணவியருக்கும் பொருந்தும் என்பதே எங்கள் கருத்து.

ஒருநாள் ஆய்வகத்தில் 1 முதல் 10 வரையுள்ள எண்களைக் கூட்டுவதற்குப் பைத்தான் மொழியில் நிரல் எழுதினோம். வரவேண்டிய விடை 55. வந்ததோ 45! பாடவேளை முழுவதும் தேடிய பின்னரே உண்மை விளங்கிற்று. ‘ரேஞ்ச்’ என்பதற்கு 1, 10 என்று கொடுத்தால் அது 9 உடன் நின்றுவிடும். 10-ஐயும் சேர்க்க வேண்டுமாயின் 11 என்று கொடுக்க வேண்டும். ரெக்கார்டு நோட்டில் திருத்திய நிரலை மட்டும் அழகாக எழுதிக் கையொப்பம் பெற்றோம். இரண்டு மாதம் கழித்து, வேறொரு கணக்கில் அதே குழியில் மீண்டும் விழுந்தோம்! பிறருக்குத் தெரியாமல் மறைத்த தவற்றை நாங்களே மறந்துவிட்டோம்.

பெரியவர்கள் அவ்வாறு மறைக்கவில்லை. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்னும் கணிப்பொறி பழுதுபட்டது. அதன் ரிலே ஒன்றில் விட்டிற்பூச்சி சிக்கியிருந்தது. அங்குப் பணியாற்றியோர் அதை எடுத்து எறிந்துவிடாமல், குறிப்பேட்டில் ஒட்டி விவரமும் எழுதினர். கிரேஸ் ஹாப்பர் அம்மையார் இருந்த குழு அது. அந்த ஏடு இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அதற்கும் முன்பு, 1843-இல், பாபேஜின் எந்திரத்தைப் பற்றிய பிரெஞ்சுக் கட்டுரையை மொழிபெயர்த்த அடா லவ்லேஸ் அம்மையார், மூலத்தினும் நீண்ட குறிப்புகளைத் தாமே சேர்த்தார். எந்திரம் முழுமை பெறவேயில்லை. எழுத்தோ நிலைத்தது.

“நேற்றுக் கற்கத் தொடங்கிய சிறுமியர் எழுத என்ன இருக்கிறது?” எனச் சிலர் கேட்கலாம். நேற்று விழுந்தவளுக்கன்றோ குழி இருக்குமிடம் நன்கு தெரியும்! கைதேர்ந்தவர்கள் அதை என்றோ தாண்டி மறந்திருப்பார்கள். மேலும், புரிந்ததாக எண்ணியது உண்மையில் புரிந்ததா என்பது பிறருக்கு விளங்குமாறு எழுத உட்காரும்போதுதான் தெரிகிறது. பாதி வாக்கியத்தில் பேனா நின்றால், நம் அறிவும் அங்கேதான் நிற்கிறது.

இரவு மன்றாட்டின்போது ஆன்ம சோதனை செய்ய அருட்சகோதரியர் நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். தவற்றை ஒளிக்காமல் ஒப்புக்கொள்பவளே திருந்துகிறாள். நிரலுக்கும் இதுவே நெறி.

ஆகவே, ஆய்வக அலமாரியில் ஒரு நீள நோட்டை வைத்திருக்கிறோம். அதன் முதற்பக்கத்தில் இருப்பது எங்கள் 45 தான். அன்புத் தங்கையரே, அதைப் படித்துச் சிரியுங்கள். பிறகு உங்கள் பிழையையும் தேதியிட்டு எழுதுங்கள். நாங்கள் இப்பள்ளியை விட்டுச் சென்ற பின்னும் அந்த நோட்டு உங்களோடு பேசட்டும்!