“வீட்டில்தானே இருந்தார்கள்?”

விக்கிரவாண்டிக்கும் விழுப்புரத்திற்கும் இடையே, நெடுஞ்சாலையோரம் இருப்பது முண்டியம்பாக்கம். சர்க்கரை ஆலைக்குக் கரும்பேற்றிச் செல்லும் வண்டிகளும், 2010இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு விரையும் 108 ஊர்திகளும் அவ்வூரார்க்கு அன்றாடக் காட்சி. அவ்வூர்திகள் கொணர்வோரில் சாலையில் அடிபட்டோர் பலர்.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார், ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. கைப்பேசியைப் பார்க்க ஓட்டுநர் மூன்று நொடி கண்ணைத் திருப்பினால், 66 மீட்டர் தூரம் அது பார்வையற்று ஓடுகிறது. அந்த 66 மீட்டருக்குள் சாலையைக் கடந்த ஒரு தாய் இறந்துபோகிறார் என்று கொள்வோம்.

முப்பதாம் நாள் திருப்பலி முடியுமுன்னரே சமரசம் பேச ஒருவர் வருவார். “அம்மாள் வேலைக்கா போனார்கள்? வீட்டில்தானே இருந்தார்கள்?” என்பார். துயரில் தலைகவிழ்ந்த கணவரும் “ஆமாம்” என்றுவிடுவார். அந்த ஓர் “ஆமாம்” பிள்ளைகளின் எதிர்காலத்தையே குறைத்துவிடுகிறது.

சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. தாய் தந்தை இருவரையும் விபத்தில் இழந்த ஒரு சிறுமியின் வழக்கில், 2009ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் அமர்ந்த ஆயம், இல்லத்தரசியின் உழைப்பிற்கு மதிப்பிட்டே ஆகவேண்டும் என விரிவாக எழுதியது. அத்தீர்ப்பை 2010இல் உச்ச நீதிமன்றமும் எடுத்தாண்டது. மக்கள்தொகைக் கணக்கில் இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர், கைதிகளோடு ஒரே வகையில் சேர்த்திருந்ததையும் அந்நீதிமன்றம் கண்டித்தது. எத்தனை வீடுகளில் நாமும் அதே கணக்கைத்தான் போடுகிறோம்! நீதிமொழிகள் நூலின் இறுதி அதிகாரம், நல்ல மனையாளின் செயல்கள் நகர வாயிலில் புகழப்படட்டும் என்கிறது. அக்காலத்தில் வழக்குத் தீர்க்கப்பட்ட இடம் நகர வாயிலே.

கணக்கையும் பாருங்கள். முப்பத்துமூன்று வயது தாய். கணவரும் இரு பிள்ளைகளும் உளர். அவருடைய இல்லப் பணியின் மதிப்பை மாதம் 12,000 ரூபாய் எனத் தீர்ப்பாயம் கொண்டால், ஆண்டுக்கு 1,44,000. அவருடைய சொந்தச் செலவுக்கென மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 96,000. அந்த வயதிற்குரிய பெருக்கெண் 16. ஆக 15,36,000 ரூபாய். எதிர்கால உயர்வு, ஈமச் செலவு முதலியன இதற்கு மேல். சமரசம் பேச வந்தவர் எவ்வளவு சொன்னார் என்பதை இதனோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

“ஓட்டுநர் ஏழை, நீங்கள் கிறிஸ்தவர்கள், மன்னித்துவிடுங்கள்” என்பார் சிலர். மன்னியுங்கள், அது நம் கடமை. ஆனால் வாகனத்திற்குக் காப்பீடு இருக்குமானால் பணம் தருவது பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனமே. மன்னிப்பு உங்களுடையது, இழப்பீடு பிள்ளைகளுடையது. அதை விட்டுக்கொடுக்கும் உரிமை பெரியவர்களுக்கு உண்டா என்பது எனக்கு ஐயமே.

ஓட்டுநரின் கவனக்குறைவை மெய்ப்பிப்பது மனுதாரர் பொறுப்பு. அவர் கைப்பேசியில் பேசியதைக் கண்டவர் இருந்தால், அதைக் காவல்துறையினர் வாக்குமூலத்தில் பதியுமாறு கேளுங்கள். கைப்பேசியைக் கையில் பிடித்து ஓட்டுவது, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஆபத்தான ஓட்டுதலில் அடங்கும். வெற்றுத்தாளில் எவருக்கும் கையொப்பமிடாதீர்கள்.

விபத்து நடந்த ஆறு மாதத்திற்குள் மனு அளிக்கவேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. காலம் கடந்தது என்பதற்காக மனுக்களைத் தள்ளவேண்டாம் என 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையிட்டது. அதை நம்பித் தாமதிப்பது அறிவன்று. விபத்து நடந்த இடத்திலோ, நீங்கள் வாழும் இடத்திலோ உள்ள மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். வழக்கறிஞருக்குப் பணமில்லையெனில் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். பெண்களுக்கும் சிறுவர்க்கும் அங்கே வருமான வரம்பு பார்ப்பதில்லை.