பெரியபிள்ளையானவளுக்குப் பெத்தாவின் சொல் வேண்டும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரை, படுவான்கரை ஊர்களிலும் வடக்கே வாகரைப் பக்கத்திலும் பெண்பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள் என்ற வகையில், சாமத்தியச் சடங்கு பற்றிய எமது நிலைப்பாட்டை அறியத் தருகிறோம். சடங்கே வேண்டாம், அது பிற்போக்கு என்கிறார்கள் சிலர். மண்டபம் எடுத்து, வீடியோ பிடித்து, ஊரைக் கூட்டிச் செய்தால்தான் மரியாதை என்கிறார்கள் வேறு சிலர். இரண்டையும் நாம் ஏற்கவில்லை. மூத்த பெண்கள் பிள்ளையின் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்கும் அந்த நாட்கள் காக்கப்பட வேண்டும். துடக்கு என்று அவளை ஒதுக்குவதும், அலங்கரித்து ஊருக்குக் காட்டுவதும் நிற்க வேண்டும்.

இந்த மண்ணில் குடி தாய்வழியாக வருகிறது. வீடும் வளவும் மகளுக்குப் போகின்றன; கலியாணம் முடித்தவன் பெண் வீட்டுக்கு வந்து சேர்கிறான். ஆனால் அதே குடியின் பெயரால் கோயிலின் பொறுப்பாளரான வண்ணக்கராக அமர்வது ஆண்கள்தான். குடியைத் தன் வயிற்றால் சுமந்த கிழவிக்கு ஊர்ச்சபையில் இடமில்லை. அவளுடைய வார்த்தைக்கு மேல் வார்த்தை இல்லாத இடங்கள் மிகச் சில. பேத்திக்குத் தண்ணீர் வார்க்கும் முற்றம் அவற்றில் ஒன்று. உளுத்தம்மாக் களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்தபடி, வயிற்றுவலிக்கு என்ன செய்வது, யாரை நம்புவது, எவன் கை நீண்டால் சத்தம் போடுவது என்று பெத்தாவும் (பாட்டியும்) மாமியும் சொல்வதைப் பாடப்புத்தகம் அந்த நெருக்கத்தோடு சொல்லாது. அந்த முற்றத்தை மண்டபத்துக்கு மாற்றும்போது கிழவி பின்வரிசைக்குப் போய்விடுகிறாள். மேடை படப்பிடிப்பாளருடையதாகிறது. கடனும் மிஞ்சுகிறது.

வைகாசியில் ஊர் ஊராகக் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி பாடுகிறோம். பெண்ணொருத்தியின் கொதிப்பை ஆற்றி அவளைத் தெய்வமாக வணங்கத் தெரிந்த நாம், மகளின் உடம்பில் வரும் இரத்தத்தை அசுத்தம் என்று சொல்வதை எம்மால் ஏற்க முடியவில்லை.

வாகரைப் பக்கத்து வேட ஊர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கரையோர வேடர் தமிழ் பேசுகிற ஆதிக்குடிகள். இறந்த முன்னோரையும் கப்பல் தெய்வங்களையும் ஆடி அழைத்து, நோய்க்கும் தொழிலுக்கும் வழி கேட்கிற மரபுடையவர்கள். 1911 இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் வேடர் பற்றிய நூலில் அந்தச் சடங்கு பதிவாகியிருக்கிறது. எந்தத் தெய்வத்தை எப்படி அழைப்பது என்பது மூத்தவர் வாயிலிருந்து இளையவர் காதுக்கு வந்த அறிவு. 2004 சுனாமியும், அதன்பின் 2007 வரை வாகரையை உலுக்கிய போரும் குடும்பங்களைச் சிதறடித்தன. இடம்பெயர்ந்தோர் தங்கிய, குளிக்க மறைவில்லாத தறப்பாள் கொட்டிலில் எந்தக் கிழவி எந்தப் பேத்திக்கு எதைச் சொல்லிக் கொடுப்பாள்? அறுந்தது இன்னும் முழுதாக ஒட்டவில்லை. மேடை நிகழ்ச்சிக்கு வேடர் ஆட்டத்தைக் கேட்கிறவர்கள், அந்த ஊர்ப் பிள்ளைக்கு அதைக் கற்பிக்கும் மூத்தவளைத் தேடிப் போவதில்லை. 2007 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய ஆதிக்குடிகள் உரிமைப் பிரகடனத்துக்கு இலங்கையும் வாக்களித்தது. அதன் 12ஆம் உறுப்புரை ஆன்மிக மரபைக் கடைப்பிடிக்கவும் கற்பிக்கவும் உள்ள உரிமையைச் சொல்கிறது. 22ஆம் உறுப்புரை முதியோர், பெண்கள், இளையோர், சிறுவர் மீது தனிக் கவனம் கேட்கிறது. அந்த வாக்குக்குப் பொருள் இருக்குமானால் அது வாகரையில் தெரிய வேண்டும்.

மரபு என்ற பெயரில் எல்லாவற்றையும் நாம் தாங்கிப் பிடிக்கவில்லை. பெரியபிள்ளையாவது கலியாணத்துக்கான அறிவிப்பு ஆகாது. பொதுச் சட்டத்தில் திருமண வயது 1995 முதல் 18. பிள்ளை ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்தை, அதிலும் பரீட்சையை, இதற்காக இழக்கக் கூடாது. சாதி ஊழியமாக எவரையும் வேலைக்கு அழைக்கக் கூடாது. அவள் வேண்டாம் என்றால் படமும் இல்லை, விழாவும் இல்லை.

பிரதேச செயலகங்களிடமும் சுகாதாரப் பணிமனைகளிடமும் நாம் கேட்பது: குடும்பநல மாதும் ஊர்ப் பெத்தாமாரும் ஒரே பாயில் அமர்ந்து பிள்ளைகளோடு பேச வழிசெய்யுங்கள். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. வேட ஊர்களில் அந்தப் பாயில் யார் அமர்வது, எந்தத் தெய்வத்தை முன்வைத்துத் தொடங்குவது என்பதை அவ்வூர்ப் பெண்களே முடிவு செய்வார்கள். நாம் அழைத்தால் மட்டும் போவோம்.