பழைய கார் மோதலில் சிக்கினால் முழு இழப்பீடு ஏன் கிடைப்பதில்லை?

சிவப்பு விளக்கில் நிற்கிறீர்கள். பின்னால் வந்த வாகனம் மோதுகிறது. தவறு உங்களுடையது அல்ல. போலீஸ் விசாரணையும் அதையே சொல்கிறது. உங்களிடம் முழுக் காப்புறுதியும் இருக்கிறது. ஆனாலும் பட்டறைக்காரர், "அண்ணே, உங்க பங்கு 1,200 ரிங்கிட் கட்டணும்" என்கிறார். பத்து வயதைத் தாண்டிய மைவி, சாகா, விவா வைத்திருக்கும் நம்மவர்கள் பலர், அப்போதுதான் 'பெட்டர்மென்ட்' என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்கிறார்கள்.

இதை ஏமாற்று வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது காப்புறுதி ஒப்பந்தத்தில் இடம்பெற்றுள்ள விதிதான். விபத்துக்கு முன் கார் எந்த நிலையில் இருந்ததோ, அந்த நிலைக்குக் கொண்டுவருவதே காப்புறுதியின் கடமை. பழைய பாகத்தை எடுத்துவிட்டுப் புத்தம் புதிய அசல் பாகத்தைப் பொருத்தினால், அந்தக் கூடுதல் பயனுக்கு உரிமையாளரே ஒரு பங்கு தர வேண்டும் என்பது வாதம். மலேசியப் பொதுக் காப்புறுதிச் சங்கமான பியாமின் அளவுகோல்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த காருக்கு இது கிடையாது. ஐந்து வயதில் 15 விழுக்காடு. பிறகு ஆண்டுக்கு 5 விழுக்காடு கூடி, பத்து வயதிலும் அதற்கு மேலும் 40 விழுக்காடு. புதிய பாகங்களின் விலை 3,000 ரிங்கிட் என்றால் உரிமையாளரின் பங்கு 1,200. கூலிக்கும் சாயம் பூசுவதற்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

கோட்பாடாகப் பார்த்தால் இது சரிதான். நடைமுறையில்தான் இடிக்கிறது. டயர், பேட்டரி போன்றவை தேயும். முன்விளக்கும் பம்பரும் அப்படித் தேய்வதில்லை. 12 வயதுக் காரில் புதிய பம்பர் மாட்டியதற்காக அதன் விற்பனை விலை ஒன்றும் ஏறிவிடாது. தவறே செய்யாதவர் வராத லாபத்துக்குப் பணம் கட்டுகிறார். புதிய கார் வாங்க வசதி உள்ளவருக்கு இந்தச் சுமை இல்லை. வசதி இல்லாதவருக்குத்தான் 40 விழுக்காடு.

காப்புறுதித் தொகையில் சிக்கல்

அடுத்த பொறி, சந்தா குறையட்டும் என்று காரின் மதிப்பைக் குறைத்து எழுதுவது. சந்தை மதிப்பு 20,000 ரிங்கிட் உள்ள காரை 15,000 ரிங்கிட்டுக்குக் காப்புறுதி செய்தால், 4,000 ரிங்கிட் சேதத்துக்கு 3,000தான் கிடைக்கும். பத்து விழுக்காடு வரையிலான வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்வார்கள். அதைத் தாண்டினால் இந்த விகிதக் கணக்கு வந்துவிடும். மிகைப்படுத்தி எழுதினாலும் பயனில்லை. கார் பழுதுபார்க்க முடியாத நிலைக்குப் போனால், சந்தை மதிப்புதான் கையில் வரும். 'ஒப்புக்கொண்ட மதிப்பு' வகைக் காப்புறுதியில் மட்டுமே, எழுதிய தொகை அப்படியே கிடைக்கும்.

"பழைய கார்தானே" என்று மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுப்பவர்களும் உண்டு. முழுக் காப்புறுதி இருந்தால், தவறு எதிர்த்தரப்புடையது எனும்போது நம் நிறுவனத்திடமே கோரலாம். 55 விழுக்காடு வரை உயரும் என்சிடி கழிவும் போகாது. மூன்றாம் தரப்பு மட்டும் என்றால் எதிராளியின் நிறுவனத்திடம் நாமே போய் நிற்க வேண்டும். பொதுவாக அது நீண்ட அலைச்சல்.

செய்ய வேண்டியவை

ஆக, பட்டறையில் நடக்கும் வாக்குவாதம் காலம் கடந்தது. முடிவு அதற்கு முன்பே, காப்புறுதியைப் புதுப்பிக்கும் நாளில் எடுக்கப்பட்டுவிடுகிறது. அன்று முகவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: காரின் இன்றைய சந்தை மதிப்பு என்ன? பெட்டர்மென்ட் விலக்கை எவ்வளவு கூடுதல் சந்தாவுக்குச் சேர்க்கலாம்? என் காரின் வயதுக்கு அது கிடைக்குமா? எல்லா நிறுவனங்களும் எல்லா வயதுக் காருக்கும் அதைத் தருவதில்லை.

விபத்து நடந்துவிட்டால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்யுங்கள். அழைக்காமலே வந்து நிற்கும் இழுவை லாரிக்காரர் நீட்டும் தாளில் கையெழுத்திடாதீர்கள். உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் உதவி எண்ணை அழையுங்கள். வேலை தொடங்கும் முன்பே உங்கள் பங்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். தரமான பழைய பாகத்தைப் பொருத்தினால் பெட்டர்மென்ட் வராது. ஆனால் பாதுகாப்புக்குரிய பாகங்களில் இந்தச் சிக்கனம் வேண்டாம். தவறு எதிர்த்தரப்புடையது என்றால், கார் இல்லாமல் இருந்த நாட்களுக்கான இழப்பீட்டை அவரது நிறுவனத்திடம் கோரலாம். மதிப்பீட்டாளர் கணக்கிடும் நாட்களுக்கே அது கிடைக்கும்.

நிறுவனத்தின் இறுதி முடிவு நியாயமாகப் படவில்லையா? 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தை ஒம்பட்ஸ்மேன் சேவையிடம் ஆறு மாதத்துக்குள் புகார் செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

நிறுவனங்களுக்கும் ஒரு கடமை உண்டு. புதுப்பிப்புக் கடிதத்தில் சந்தாவைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அதன் கீழேயே, 'உங்கள் காருக்கு இவ்வாண்டு பெட்டர்மென்ட் 40 விழுக்காடு' என்று ஒரு வரி சேர்ப்பதில் என்ன சிரமம்? தெரிந்து எடுத்த முடிவு என்றால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. தெரியாமல் கட்டும் 1,200 ரிங்கிட், மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்குச் சிறிய தொகை அல்ல.